தம்பிக்குள் இருக்கும் ‘தம்’

‘என் தம்பி’ என்று சொல்லும்போது ‘யாருடைய’ என்ற கேள்விக்கு இரண்டு முறை விடை சொல்லிவிடுகிறோம். ‘என்’ என்பது ஒரு விடை. ‘தம்பி’ என்ற சொல்லின் தலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் ‘தம்’ இன்னொரு விடை. தாம், தம்மை, தமக்கு என்று வருகிற அதே தம்தான் இது. தம் + பின் என்பது தம்பி ஆயிற்று: தமக்குப் பின் பிறந்தவன். இதற்கு எதிர்ப்பக்கத்தில் ‘தம்முன்’ என்ற சொல்லும் பழந்தமிழில் உண்டு. தமக்கு முன் பிறந்தவன், அதாவது அண்ணன். முன்னையும் பின்னையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ‘பி’ என்ற கடைசி எழுத்து எங்கிருந்து வந்தது என்பதில் குழப்பம் இருக்காது.

ஆகவே எழுத்துக்கு எழுத்துப் பொருள் கொண்டால் தம்பி என்பவன் என் தம்பி அல்லன். அவருடைய தம்பி, அவர்களுடைய தம்பி. என் தம்பிக்குத் தமிழில் வேறு சொல் இருந்தது: எம்பி. உன் தம்பிக்கு இன்னொரு சொல்: நும்பி, பிற்காலத்தில் உம்பி. மூன்றில் இரண்டு வழக்கொழிந்து, படர்க்கைச் சொல் மட்டும் மிஞ்சி மூவருக்கும் பொதுவாகிவிட்டது.

இந்த மூன்று வரிசை தம்பிக்கு மட்டும் உரியதன்று. அப்பாவுக்கு எந்தை, நுந்தை, தந்தை. அம்மாவுக்கு யாய், ஞாய், தாய். தங்கைக்கு எங்கை, நுங்கை, தங்கை. முதலில் நிற்பது என்னுடைய உறவு, நடுவில் நிற்பது உன்னுடையது, கடைசியில் நிற்பது பிறருடையது. குறுந்தொகையின் 40ஆம் பாட்டைப் பள்ளியில் படிக்காதவர்கள் குறைவு. ‘யாயும் ஞாயும் யாரா கியரோ, எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்’ என்ற தொடக்கத்தில் ‘என்’, ‘உன்’ என்று தனிச்சொல் ஒன்றுகூட இல்லை. என் தாயும் உன் தாயும், என் தந்தையும் உன் தந்தையும் என்று நாம் உரை எழுதும்போது எட்டுச் சொற்கள் ஆகிவிடுகின்றன. பாட்டில் அவை நான்கே சொற்கள்.

இது வெறும் சொற்சிக்கனம் என்று நினைப்பவர்கள் புறநானூற்றின் 112ஆம் பாட்டை எடுத்துப் பார்க்கவேண்டும். பறம்பு மலையையும் தந்தை பாரியையும் இழந்த பாரி மகளிர் பாடியது.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவில்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றுங் கொண்டார்யாம் எந்தையும் இலமே

குன்றுக்கு ‘எம்’ தனியாக நிற்கிறது: எம் குன்று. தந்தைக்கு அது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது: எந்தை. குன்று இன்று எம்முடையது, நாளை வேந்தருடையது. அதனால் எம் என்பதைக் கழற்றி வேறொருவர் பெயரை அங்கே வைக்கலாம். தந்தையிடமிருந்து அதைக் கழற்ற வழியே இல்லை. கழற்றினால் மிஞ்சுகிற ‘தை’க்குத் தனியாக வாழ்வு கிடையாது. உலகின் வேறு பல மொழிகளிலும் உடலுறுப்புக்கும் நெருங்கிய உறவுக்கும் இப்படி உடைமையை உள்ளேயே வைத்துச் சொல்லும் வழக்கம் உண்டு. தமிழில் அது இவ்வளவு துலக்கமாக இந்த ஐந்து வரிக்குள் பதிந்துகிடக்கிறது.

எல்லா உறவுக்கும் இந்த ஒட்டு வருவதில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். அதே புறநானூற்றில் 86ஆம் பாட்டில் காவற்பெண்டு பேசும்போது ‘நின்மகன் யாண்டுளனோ எனவினவுதி, என்மகன் யாண்டுள னாயினும் அறியேன்’ என்கிறாள். மகனுக்கு நின்னும் என்னும் வெளியே நிற்கின்றன. மாமன், மைத்துனன், மருமகன் எதிலும் ஒட்டு இல்லை. நம்மைப் பெற்றவர்களுக்கும் நம்மோடு பிறந்தவர்களுக்கும் மட்டுமே இந்த உள்ளுடைமை.

இனி, ஒட்டியிருப்பது ‘தன்’னா ‘தம்’மா என்ற கேள்வி. பலரும் ‘தன் பின் பிறந்தவன் தம்பி’ என்று எழுதிவிடுகிறார்கள். புணர்ச்சியைக் கொஞ்சம் கவனித்தால் தம் என்பது தெளிவாகிவிடும். மகர மெய், பின்னால் வரும் வல்லினத்தின் இனமெய்யாகத் திரியும். கை வந்தால் ங், தை வந்தால் ந், பி வந்தால் ம் ம்மாகவே நிற்கும். தம் + கை = தங்கை; எம் + தை = எந்தை; எம் + பி = எம்பி. எம் தலைவர் எந்தலைவர் ஆவது போலத்தான் இதுவும். னகர மெய்யாக இருந்தால் இப்படி நடக்காது. தன் + கை என்பது தன்கை அல்லது தற்கை என்றுதான் நிற்கும், ஒருபோதும் தங்கை ஆகாது. எனவே ஒட்டியிருப்பது பன்மை: எம்பி என்றால் நேர்ப்பொருளில் என் தம்பி அல்ல, எங்கள் தம்பி.

இந்தப் பன்மை இன்றும் பேச்சில் உயிரோடு இருக்கிறது. கூடப் பிறந்தவர் யாரும் இல்லாத ஒற்றைப் பிள்ளையும் ‘எங்க அம்மா’, ‘எங்க அப்பா’ என்றுதான் சொல்லும். ‘என் அம்மா’ என்பது பாட்டிலும் மேடையிலும் வரும், சமையற்கட்டில் அவ்வளவாக வராது. எந்தையில் இருக்கும் எம்மும் எங்க அப்பாவில் இருக்கும் எங்களும் ஒரே மனப்பாங்கு.

தமையன், தமக்கை இரண்டும் இதே குடும்பம்தான்: தம் + ஐயன், தம் + அக்கை. ‘தனிக்குறில் முன் ஒற்று உயிர்வந்தால் இரட்டிக்குமே, தம்மக்கை என்றல்லவா ஆகவேண்டும்’ என்று இலக்கணம் அறிந்தவர்கள் கேட்பார்கள். இந்தச் சொற்களில் அது இரட்டுவதில்லை. தமர், எமர், நுமர் என்ற சொற்களிலும் இப்படித்தான். தம் + அவ்வை என்பது தவ்வை. ‘செய்யவள் தவ்வையைக் காட்டி விடும்’ என்று 167ஆம் குறளில் வருகிறதே, அந்தத் தவ்வை திருமகளின் அக்கா, மூதேவி. தவ்வை என்றாலே மூதேவி என்று அகராதியைப் பார்த்து மனப்பாடம் செய்பவர்களுக்கு, குறள் அந்த இடத்தில் அக்கா தங்கை உறவைத்தான் சொல்கிறது என்பது தவறிப்போகிறது. நம்பி, நங்கை இரண்டும்கூட அமைப்பில் இந்த வரிசையோடு ஒத்துப்போகின்றன: நம் + பி, நம் + கை. ஆனால் அவை உறவைக் குறிக்காமல் ஆடவரில் சிறந்தவன், பெண்டிரில் சிறந்தவள் என்ற பொருளுக்குப் போய்விட்டன.

பழைய பாட்டைப் படிக்கும்போது இந்த வரிசை தெரியாவிட்டால் எங்கெங்கே சறுக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

முதல் சறுக்கல் ‘எந்தாய்’. தேவாரத்திலும் திருவாசகத்திலும் பிரபந்தத்திலும் அடிக்கடி வரும் விளி இது. பார்த்தவுடன் ‘என் தாய்’ என்று பொருள் கொள்ளத் தோன்றும். பெரும்பாலான இடங்களில் அது எந்தையின் விளி, அதாவது ‘என் தந்தையே’. ‘இ ஈ ஆகும், ஐ ஆய் ஆகும்’ என்பது தொல்காப்பிய விளிமரபு. தம்பி தம்பீ ஆவதும் அன்னை அன்னாய் ஆவதும் எந்தை எந்தாய் ஆவதும் ஒரே நூற்பாவால்தான். ‘இறைவனைத் தாயாக அழைக்கிறார்’ என்று எந்தாய்க்கு உரை எழுதுமுன், அந்த அடியில் தாய்மைக்கு வேறு குறிப்பு உண்டா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது ‘உம்பி’. மார்கழியில் திருப்பாவை பாடும் வீடுகளில் 17ஆம் பாட்டின் முடிவு எல்லோருக்கும் மனப்பாடம்: ‘செம்பொற் கழலடிச் செல்வா பலதேவா, உம்பியும் நீயும் உறங்கேலோ ரெம்பாவாய்’. பலராமனைப் பார்த்து, உன் தம்பி கண்ணனும் நீயும் உறங்காதீர்கள் என்கிறாள் ஆண்டாள். உம்பியை உம்பர் என்பதோடு சேர்த்துத் தேவர்கள் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. அதே பாட்டில் ‘உம்பர் கோமானே’ என்றும் வருவதால் இந்தக் குழப்பம் எளிதில் நேர்கிறது. திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் குகனிடம் இராமன் சொன்னதாக, ‘மாழை மான்மட நோக்கிஉன் தோழி, உம்பி எம்பி’ என்கிறார். மான் விழியாள் சீதை உனக்குத் தோழி. என் தம்பி உனக்கும் தம்பி. உம்பி, எம்பி என்று இரண்டே சொல்லை அருகருகே வைத்து ஒரு வேடனைக் குடும்பத்துக்குள் சேர்த்துவிடுகிறார். இன்றைய தமிழில் இதைச் சொல்ல எத்தனை சொல் வேண்டியிருக்கிறது!

நும்பி, நுந்தை என்பவை உம்பி, உந்தை ஆனதற்குக் காரணம் எளிது. முன்னிலைப் பன்மை ‘நும்’ காலப்போக்கில் நகரத்தை இழந்து ‘உம்’ ஆயிற்று. ஒட்டுச் சொற்களும் கூடவே மாறின. ஒரு பாட்டில் உம்பி என்று இருந்தால் அது சங்கத் தொகைக்குப் பிந்தைய மொழிநிலை என்று ஊகிக்கலாம். நுந்தை என்று இருப்பதை மட்டும் வைத்துப் பழைய பாட்டு என்று முடிவு கட்டக்கூடாது. பழஞ்சொல்லைப் பிற்காலப் புலவரும் கையாள்வார்கள்.

நுந்தைக்குத் தமிழ் இலக்கணத்தில் வேறொரு தனிச்சிறப்பும் உண்டு. குற்றியலுகரம் சொல்லின் கடைசியில் வரும் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். சொல்லின் முதலிலும் அது வரும் இடம் ஒன்றைத் தொல்காப்பியர் மொழிமரபில் காட்டுகிறார்: ‘முறைப்பெயர் மருங்கின் ஒற்றிய நகரமிசை நகரமொடு முதலும்’. உரையாசிரியர்கள் காட்டும் சொல் நுந்தை. இதழை முழுதும் குவிக்காமல் சொன்னால் குற்றியலுகரம், குவித்துச் சொன்னால் முற்றியலுகரம். இரண்டிலும் பொருள் மாறாது என்று அடுத்த நூற்பாவும் சொல்லிவிடுகிறது. ஒரே ஒரு சொல்லுக்காக விதி வகுத்திருக்கிறார் என்றால், அந்தச் சொல் அன்று வாயில் எவ்வளவு புழங்கியிருக்கவேண்டும்!

மூன்றாவது சறுக்கல் புலவர் பெயர்களில். பிசிராந்தையார் பெயரில் இருக்கும் ஆந்தை பறவை அன்று. ஆதன் + தந்தை = ஆந்தை; பூதன் + தந்தை = பூந்தை. இதற்கும் தொல்காப்பியத்தில் புள்ளிமயங்கியலில் விதி இருக்கிறது. புறநானூற்றில் 80 முதல் 82 வரை பாடிய சாத்தந்தையார், பரிபாடலின் இரண்டாம் பாட்டைப் பாடிய கீரந்தையார் இருவர் பெயரும் இப்படி அமைந்தவையே: சாத்தன் தந்தை, கீரன் தந்தை. மகன் பெயரைச் சொல்லி ‘முருகனோட அப்பா’ என்று ஊரில் ஒருவரைக் குறிப்பிடுகிறோமே, அந்த வழக்கம்தான். தந்தை என்ற படர்க்கைச் சொல் இங்கே பிசகாமல் தன் வேலையைச் செய்கிறது: சாத்தன், அவனுடைய அப்பா.

இதே படர்க்கை வேலையை இன்னும் அழகாகக் காட்டும் அடி பெரியாழ்வாரின் திருப்பல்லாண்டில் இருக்கிறது: ‘எந்தை தந்தை தந்தை தந்தைதம் மூத்தப்பன் ஏழ்படிகால் தொடங்கி’. தந்தை என்ற சொல் சும்மா அடுக்கி வரவில்லை. முதலில் மட்டும் எந்தை, என் அப்பா. அடுத்து தந்தை, அவருடைய அப்பா. அடுத்த தந்தை, அவருக்கும் அப்பா. ஒவ்வொரு ‘த’வும் முன்னால் நிற்பவரைச் சுட்டுகிறது. இன்றைய பொருளில், தந்தை என்றால் வெறுமனே அப்பா என்று எடுத்துக்கொண்டு படித்தால் அந்தச் சங்கிலி அறுந்து, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னதுபோல் ஆகிவிடும்.

சொற்பிறப்பு என்ற பெயரில் இணையத்தில் சுற்றும் சில விளக்கங்களையும் இதே வரிசையைக் கொண்டு உரசிப் பார்க்கலாம். ‘உயிர் தந்தவர் என்பதால் தந்தை’, ‘தன்னையே தருவதால் தாய்’ என்பவை கேட்க இனிமையானவை. ஆனால் தந்தை ‘தா’விலிருந்து வந்தது என்றால் எந்தை எதிலிருந்து வந்தது? நுந்தை? தாய் தருவதால் தாய் என்றால் யாய் எதைச் செய்வதால் யாய்? ஒரு சொல்லுக்கு விளக்கம் சொன்னால் அதன் கூட்டத்துச் சொற்களுக்கும் அது பொருந்தவேண்டும். சோதிக்கும் முறை மிகச் சுருக்கமானது: தகரத்தை எடுத்துவிட்டு எகரத்தையும் நுகரத்தையும் வைத்துப் பாருங்கள், அந்த இரண்டு வடிவமும் பழைய நூலில் உண்மையிலேயே கிடைத்தால் தகரம் ஒட்டு, வேரின் பகுதி அன்று. தம்பதி இந்தச் சோதனையில் தேறாது. எம்பதியும் நும்பதியும் கணவன் மனைவி என்ற பொருளில் கிடையாது. அது வடமொழியிலிருந்து வந்த சொல், தம்பிக்கு உறவில்லை. தாயில் மட்டும் மேலே சொன்ன மகரப் புணர்ச்சியைத் தேடக்கூடாது. அங்கே ‘ஆய்’ என்ற சொல்லின் முன் ய், ஞ், த் என்று ஒரே மெய்யாக ஒட்டு நிற்கிறது.

அண்டை மொழிகளும் சாட்சிக்கு வருகின்றன. கன்னடத்தில் தந்தெ, தாயி, தம்ம, தங்கி. தெலுங்கில் அப்பா தண்ட்ரி, தம்பி தம்முடு. மலையாளத்தில் தம்பி ஒரு பட்டமாகவும் உயர்ந்தது. திருவிதாங்கூர் அரசர்களின் ஆண்மக்களுக்குத் தம்பி என்றும் பெண்மக்களுக்குத் தங்கச்சி என்றும் பட்டம். தளவாயாக இருந்து ஆங்கிலேயரை எதிர்த்து 1809இல் உயிர் துறந்த வேலுத்தம்பி பெயரிலும் தம்பி உண்டு. ஆக, படர்க்கை வடிவம் மற்ற இரண்டையும் வென்றது தமிழில் மட்டும் நடந்ததன்று.

இங்கே ஒன்று யோசிக்கவேண்டியது. தந்தை, தாய், தமையன், தமக்கை, தம்பி, தங்கை என்ற ஆறில், நம் வீட்டாரை நாம் சொல்லும் பேச்சில் இயல்பாக நிற்பவை எவை? தம்பியும் தங்கையும் (தங்கச்சியாக) மட்டுமே. மற்ற நான்கின் இடத்தை அப்பா, அம்மா, அண்ணன், அக்கா பிடித்துக்கொண்டன. காரணம், மூத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. கூப்பிட ஒரு முறைச்சொல் வேண்டும். அப்பா, அம்மா, அண்ணா, அக்கா அடிப்படையில் கூப்பிடும் சொற்கள். நாள்தோறும் நூறுமுறை கூப்பிட்டுக் கூப்பிட்டு அவையே குறிப்பிடும் சொல்லாகவும் ஆகிவிட்டன. இளையவர்களுக்கு அந்தத் தேவையே இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடலாம். போட்டிக்கு வேறு சொல் வராததால் தம்பியும் தங்கையும் பிழைத்துக்கொண்டன. கன்னடத்திலும் பேச்சில் அண்ண, அக்க, தம்ம, தங்கி என்றே நிற்பதைப் பார்த்தால் இந்த ஊகம் இன்னும் வலுப்படுகிறது.

பிழைத்த பிறகு தம்பி, கூப்பிடும் சொல்லாகவும் மாறிக்கொண்டது. வழி கேட்கும் இளைஞனைத் தம்பி என்கிறோம். அண்ணி தன் கொழுந்தனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். கொழுந்தன் என்பது மூன்றாம் மனிதரிடம் சொல்ல மட்டும்.

முறை பார்க்கும்போது தம்பி யார், யார் இல்லை என்பதிலும் இப்போது குழப்பம் கூடிவிட்டது. ‘கசின்’ என்ற ஒற்றைச் சொல் எல்லோரையும் ஒரே கூடையில் போட்டுவிடுவதால் நகரத்துப் பிள்ளைகள் அத்தை மகனையும் தம்பி என்கிறார்கள், பெரியவர்கள் பதறுகிறார்கள். பதற்றத்துக்குக் காரணம் இருக்கிறது. தம்பி முறையில் திருமணம் கிடையாது, அத்தை மகன் முறைப்பையன். கணக்கு கடினமானதன்று. உங்கள் அப்பாவோ அம்மாவோ அவனுடைய அப்பாவையோ அம்மாவையோ என்ன முறை சொல்கிறார் என்று கேளுங்கள். ஆணுக்கு ஆண் அண்ணன் தம்பி, பெண்ணுக்குப் பெண் அக்கா தங்கை என்றால் அவன் உங்களுக்கு உடன்பிறந்தான் முறை. அண்ணன் தங்கை, அக்கா தம்பி என்று ஆணும் பெண்ணுமாக இருந்தால் அவன் மச்சான். உங்கள் அப்பா அவனுடைய அப்பாவை மச்சான் என்றாலும் அவன் உங்களுக்கு மச்சானே. எத்தனை தலைமுறை விட்ட உறவானாலும் இதே கணக்குதான். அண்ணனா தம்பியா என்பதை இருவர் வயதும் தீர்மானிக்கும். பெரியப்பா மகன் என்பதாலேயே ஒருவன் அண்ணனாகிவிடுவதில்லை.

வழக்கொழிந்த எந்தை, நுந்தை வரிசை பேச்சில் மறுபடி முளைத்திருப்பதையும் சொல்லிவிடவேண்டும். உங்க அப்பன் என்பது ஒங்கப்பன், ங்கொப்பன், கொப்பன் என்று குறுகியது. யாழ்ப்பாணத்தில் கொப்பர், கொம்மா, கொண்ணர், கொக்கா, கோச்சி என்று ஒரு முழுக் குடும்பமே இப்படி உண்டு. கோச்சி என்றால் உன் ஆச்சி. ‘கொப்பர் எங்கை?’ (உன் அப்பா எங்கே?) என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் கேட்பது அங்கே சாதாரணம். தமிழ்நாட்டில் இவை பெரும்பாலும் சண்டைச் சொற்களாகிவிட்டதால் கொச்சை என்று ஒதுக்குகிறார்கள். அமைப்பில் பார்த்தால் கொப்பன், நுந்தை செய்த வேலையைத்தான் செய்கிறது: ‘உன்’ என்பதை அப்பாவுக்குள்ளே வைத்துப் பூட்டுகிறது.

படர்க்கைக்கும் பேச்சில் ஒரு சொல் தங்கியிருக்கிறது. தகப்பன் என்பதை அகராதி தம் + அப்பன் என்று பிரிக்கும். யாழ்ப்பாணத்துப் பேச்சில் அது தேப்பன். ‘பொண்ணோட தாய் தகப்பன் வந்துட்டாங்களா?’ என்று கேட்போம். அதே ஆள் தன் வீட்டாரைப் பற்றிப் பேசும்போது ‘எங்க அம்மா அப்பா’ என்பார். தாயும் தகப்பனும் இன்னும் பெரும்பாலும் பிறருடைய பெற்றோருக்கே வருகின்றன. விண்ணப்பப் படிவத்தில் ‘தந்தை பெயர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதே, விண்ணப்பதாரரைப் படர்க்கையில் வைத்துப் பேசும் அந்தத் தாளில் தந்தை என்ற சொல் பழைய இலக்கணப்படியே சரியாக உட்கார்ந்திருக்கிறது.